மாத்தியாச்சுங்கப்பா

குன்னூர்,
10.6.2025

மாப்பிள்ளை தீபக் அவர்களுக்கு,

லிங்கசாமி எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். நலம் விசாரிக்கிற மனநிலை எனக்கு இல்லை. உங்கள் நம்பரைப் போனில் பிளாக் செய்துவிட்டேன். போனில் பேசினால் எனக்கும் வாய் நீளும், உங்களுக்கும் நீளும். பேப்பர் என்றால் கை வலித்தாவது நிறுத்துவோம்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் நடந்ததை உங்களுக்கு நினைவுபடுத்துகிறேன். வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பது வருடம் எலெக்ட்ரீசியனாக இருந்துவிட்டு, ரிட்டயர் ஆன பிறகு என் கையால் கட்டிய வால்வ் ஆம்ப்ளிபையர் அது. டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்றியதுகூட நான்தான். ஞாயிறு தவறாமல் சபாபதியும் கணேசனும் வந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்பார்கள். பாடுகிறவர் மூச்சு எடுப்பதுகூட என் பெட்டியில் கேட்கும். அந்தச் சபையில் நீங்கள் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, இதுவும் அதுவும் ஒன்றுதான் என்றீர்கள். இது பாடும், அது கத்தும் என்று நான் சொன்னேன். கண்ணால் பார்க்காமல் சொல்லுங்கள் பார்க்கலாம் என்று சவால் விட்டது நீங்கள்.

சரி என்றேன். உங்கள் அத்தை மருதாம்பாளின் பெட்ஷீட்டை உள்ளறை வாசலில் கட்டினீர்கள். ஸ்பீக்கர் ஹாலில், இரண்டு பெட்டியும் உள்ளே. போன் அடித்தால் கவனம் சிதறும் என்று எல்லார் போனையும் அணைக்கச் சொன்னீர்கள். சத்தம் இரண்டுக்கும் சமமா என்று என்னவோ மீட்டர் வைத்து அளந்தீர்கள். உள்ளே ஸ்வேதா ஒயரை மாற்றிவிட்டு "மாத்தியாச்சுங்கப்பா" என்று குரல் கொடுப்பாள், நான் எது என்று சொல்ல வேண்டும். சொன்னேன். கடைசியில் அவள் வெளியே வந்து, பாதிக்குப் பாதி தப்பு என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தப்பாகவே இருக்கட்டும். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? என் இரண்டு நண்பர்களுக்கு முன்னால், "முப்பது வருசம் ஃபேக்டரி சத்தத்துல காது போயிருச்சுங்க மாமா, ஒத்துக்குங்க" என்று சிரித்தீர்கள். சபாபதியும் சிரித்தான். அவனை நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன். வார்த்தைக்கு வார்த்தை வளர்ந்து, போட்ட இலையை விட்டு எழுந்து, என் மகளையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். நாட்டுக்கோழிக் குழம்பு அப்படியே இருந்தது. சாப்பிடாமல் போன மாப்பிள்ளையை நினைத்து என் மனைவி இரண்டு நாளாக அழுகிறாள்.

காது போன ஆள் என்று சொன்னதை நீங்கள் திரும்ப வாங்க வேண்டும். சபாபதியும் கணேசனும் இருக்கும்போது வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
லிங்கசாமி


கோயமுத்தூர்,
14.6.2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நடந்ததையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பேசியதை மட்டும் எழுதவில்லை. அதை நான் எழுதுகிறேன்.

நான் பம்பு கம்பெனியில் டெஸ்டிங்கில் வேலை பார்க்கிறேன். ஒரு பம்பு நல்லதா கெட்டதா என்று அதன் மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துச் சொன்னால் அன்றைக்கே வேலை போய்விடும். பெயரை மறைத்துத்தான் சோதிப்போம். அதைத்தான் உங்கள் வீட்டிலும் செய்தேன். உங்களை மட்டம் தட்ட நான் வரவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து "பம்புக்காரர் காது" என்று நீங்கள் சொல்லாத ஞாயிறு கிடையாது. ரிசப்ஷனில் எங்கள் அப்பா ஏற்பாடு செய்த மைக் செட்டை மேடையிலேயே குறை சொன்னீர்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

காது போயிருச்சு என்று நான் சொன்னது உண்மை. சொல்லியிருக்கக் கூடாது. அதற்கு நீங்கள் திருப்பிச் சொன்னது என்ன? "மோட்டார் ரூமுல பொறந்து வளந்த காதுக்குச் சங்கீதம் எதுக்குங்க மாப்ளை? உங்கப்பனுக்கும் அந்த எழவுதான் பாட்டு." அன்னூரில் மோட்டாருக்குக் காயில் கட்டியே என்னைப் படிக்க வைத்தவர் எங்கப்பா. அவர் அங்கே இல்லவே இல்லை. அவரை எதற்கு இழுத்தீர்கள்? அதோடு விட்டீர்களா? என் பெட்டியைக் கொண்டுபோய் வாசலில் மழையில் வைத்தீர்கள். அதற்குப் பிறகும் உட்கார்ந்து குழம்பு ஊற்றிச் சாப்பிட நான் ரோஷம் கெட்டவன் இல்லை.

இன்னொரு விஷயம். அன்றைக்கு ஸ்வேதா எதற்குக் குன்னூர் வந்தாள் என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா? பாட்டுக் கேட்கவா? அவள் முழுகாமல் இருக்கிறாள். இரண்டு மாதம். சாப்பாடு முடிந்ததும் உங்கள் இரண்டு பேரிடமும் சொல்ல வேண்டும் என்று ஆசை ஆசையாக வந்தாள். நீங்கள் சொல்ல விடவில்லை. மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் காரை நிறுத்தி வாந்தி எடுத்தாள், வாந்தி எடுக்காத நேரமெல்லாம் அழுதாள்.

எங்கப்பாவைப் பற்றிச் சொன்னதை நீங்கள் திரும்ப வாங்குகிறவரை உங்கள் வீட்டு வாசலை நான் மிதிக்க மாட்டேன்.

தீபக்


குன்னூர்,
18.6.2025

மாப்பிள்ளைக்கு,

முழுகாமல் இருக்கிறாள் என்ற வரி வந்ததும் மருதாம்பாள் கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். மீதியை அவள் தோளுக்கு மேல் எட்டி எட்டிப் படித்தேன். படித்து முடித்ததும் எனக்குச் சந்தோஷம் வந்ததா கோபம் வந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஏனுங்க மாப்பிள்ளை, என் மகள் வயிற்றில் பிள்ளை இருக்கிற சேதியை எனக்கு இப்படியா சொல்வார்கள்? சண்டைக் கடிதத்தில், மைக் செட்டுக்குக் கீழே, இன்னொரு விஷயம் என்று போட்டு? ஒரு தனிப் பேப்பர் உங்களுக்குக் கிடைக்கவில்லையா? சபாபதி வீட்டுக்கு ஒரு பாக்கெட் ஸ்வீட் கொண்டுபோய்க் கொடுக்கக்கூட முடியாமல் செய்துவிட்டீர்கள். ஏது விசேஷம் என்பான், எப்படித் தெரிந்தது என்பான், நான் என்ன சொல்ல?

ஸ்வேதா என் போனை எடுப்பதில்லை. அம்மாவிடம் மட்டும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறாள். ஏழாம் மாதம் வளைகாப்பு இங்கேதான் என்று மருதாம்பாள் இப்போதே யார் யாரைக் கூப்பிடுவது என்று பேச ஆரம்பித்துவிட்டாள். கூப்பிடட்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன். காது போன ஆள் என்ற பேரோடு நான் அந்தச் சபையில் வந்து நிற்க மாட்டேன். பெண்ணைப் பெற்ற அப்பன் வரவில்லையே என்று ஊர் கேட்டால் நீங்கள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தைரியம் இருந்தால் இன்னொரு தரம் வையுங்கள். இந்தத் தடவை கேட்கிற ஆள் நீங்கள், பெட்டியை மாற்றுகிற ஆள் நான். உங்கள் ஊட்டுக்கு நான் வர மாட்டேன், எங்கள் ஊட்டுக்கு நீங்கள் வர மாட்டீர்கள். பாதி வழியில் பர்லியார் இருக்கிறது. சபாபதியின் மச்சான் சுரேஷ் வீடு அங்கே பழப்பண்ணைக்குக் கீழே. ஜூலை ஆறு, ஞாயிறு. நீங்கள் போட்ட அதே சட்டம்தான். திரை உண்டு, சத்தம் சமம், எல்லார் போனும் அணைத்து பிஸ்கட் டப்பாவுக்குள் போக வேண்டும். என் பெட்டிக்கும் உங்கள் பெட்டிக்கும் வித்தியாசம் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு அங்கே சொல்லுங்கள். உங்கள் பெட்டியை மழையிலிருந்து சபாபதிதான் எடுத்து வந்து காய வைத்தான். ஓடுகிறது.

தோற்கிறவர் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

லிங்கசாமி


கோயமுத்தூர்,
24.6.2025

மாமாவுக்கு,

பர்லியாருக்கு வருகிறேன். காலை பதினோரு மணி.

பாட்டை நான் கொண்டுவருவேன். உங்களுக்கு மனப்பாடமான பாட்டாக இருந்தாலும் பரவாயில்லை. சத்த அளவை நான்தான் அளப்பேன், அதற்குப் பிறகு நீங்கள் திரைக்குப் பின்னால் போகலாம். சபாபதி மாமா உங்கள் பக்கம் ஜாடை காட்டக் கூடாது.

ஸ்வேதா வரவில்லை. அவளுக்குத் தண்ணீர் குடித்தாலும் குமட்டுகிறது. இப்படி ஒரு சோதனை என்று சொன்னேன். "போங்க, ரெண்டு பேரும் போயி நல்லா அடிச்சுக்கங்க" என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். நீங்கள் ஆரம்பித்தது, அதனால் வருகிறேன்.

தீபக்


குன்னூர்,
6.7.2025

மாப்பிள்ளைக்கு,

பஸ் விட்டு இறங்கிக் கை கால் கழுவியதும் எழுதுகிறேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, நீதிபதி மாதிரி தலையை ஆட்டினீர்கள். ஒவ்வொரு தடவை மாற்றியதற்கும் ஒரே பதில். "ஒரு வித்தியாசமும் இல்லைங்க மாமா." கடைசியில் இரண்டும் ஒன்றுதான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகுதான் நான் பெட்ஷீட்டை அவிழ்த்தேன். ஒரு பெட்டியில் ஒரு ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரைப் பிளஸ் மைனஸ் மாற்றிக் கட்டியிருந்தேன் என்பதை உங்களுக்கு விரலை நீட்டிக் காட்டினேன்.

அப்படிக் கட்டினால் என்ன ஆகும் என்று பம்பு கம்பெனியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லையா? பாடுகிறவர் குரல் நடுவில் நிற்காது, அறை முழுக்கச் சிதறும். மிருதங்கத்தில் இடது கைத் தொப்பிப் பக்கம் காணாமலே போய்விடும். ஹார்டுவேர் கடை கணேசனுக்குத் தாளமே தெரியாது. அவன்கூட முதல் மாற்றத்திலேயே முகத்தைச் சுளித்து என்னமோ கெட்டுப்போச்சு என்று சபாபதியிடம் கிசுகிசுத்திருக்கிறான். உங்களுக்கு மட்டும் வித்தியாசமே இல்லை. ஏன் தெரியுமா? வித்தியாசம் இருக்கக் கூடாது என்று வீட்டிலிருந்தே முடிவு பண்ணிக்கொண்டு வந்தீர்கள். இப்போது சொல்லுங்கள், யார் காது போனது?

மோசடி என்று கத்தினீர்கள். திரைக்குப் பின்னால் இருப்பதை நம்பாதீர்கள், காதை நம்புங்கள் என்று எனக்குப் பாடம் எடுத்தது யார்? மன்னிப்புக் கேட்காமல் காரை எடுத்துக்கொண்டு போனீர்கள். மருதாம்பாள் மகளைப் பார்க்கலாம் என்று நினைத்துத்தான் பர்லியார் வரை வந்தாள். பார்க்கக் கிடைக்கவில்லை. உங்கள் பெட்டியையும், ஸ்வேதாவுக்கென்று வாங்கிய மங்குஸ்தான் பையையும் நீங்கள் எடுத்துப்போகவில்லை. சுரேஷ் வீட்டுப் பெஞ்சில் கிடந்ததை நாங்களே திரும்பத் தூக்கி வந்தோம். அந்தப் பழம் உங்களை என்ன செய்தது?

மன்னிப்புக் கடிதத்தை எதிர்பார்க்கிறேன்.

லிங்கசாமி


கோயமுத்தூர்,
9.7.2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று படித்தேன். கிழித்துப் போட்டுவிட்டு, பிறகு பொறுக்கி ஒட்டிப் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு ஸ்வேதாவுக்கு இரத்தம் பட ஆரம்பித்தது. எனக்குப் போன் செய்திருக்கிறாள். ஸ்விட்ச் ஆப். உங்களுக்குச் செய்திருக்கிறாள். ஸ்விட்ச் ஆப். அத்தைக்குச் செய்திருக்கிறாள். அத்தை போனையும் வாங்கி அந்த டப்பாவில் போட்டது நீங்கள். அத்தை எந்தப் பெட்டியைக் கேட்டு எதைச் சொல்லப் போகிறார் என்று அவர் போனை வாங்கினீர்கள் மாமா? போனை அணைக்கிற சட்டத்தை முதலில் கொண்டுவந்தது நான்தானே என்று எழுதாதீர்கள். அது எனக்குத் தெரியும். மூன்று நாளாக அது ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது.

கீழ் வீட்டு ஷைனா அக்காதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். நான் உங்கள் மேல் இருந்த ஆத்திரத்தில் மேட்டுப்பாளையம் தாண்டித்தான் போனை ஆன் செய்தேன். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. இரத்தம் நின்றுவிட்டது. படுக்கையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றே அத்தைக்குச் சொல்லியிருப்பேன். யாருக்கும் சொல்லக் கூடாது என்று ஸ்வேதா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இன்று அவளே எழுதச் சொன்னாள். எல்லாவற்றையும் எழுதச் சொன்னாள்.

முதல் சோதனை செல்லாது. நீங்கள் தோற்கவில்லை. நான் ஜெயிக்கவும் இல்லை. அன்றைக்கு ஸ்வேதா பெட்டியை மாற்றவே இல்லை.

முதலில் எது மாட்டியிருந்ததோ அதுவேதான் கடைசிவரை ஓடியது. குனிந்து ஒயரைக் கழற்றப் போனபோதே அவளுக்குத் தலை சுற்றியிருக்கிறது. பாட்டு ஓடும்போதெல்லாம் வாளியில் வாந்தி எடுத்தாள். பாட்டு நின்றதும் வாயைத் துடைத்துக்கொண்டு "மாத்தியாச்சுங்கப்பா" என்றாள். எப்படியாவது முடிந்தால் சாப்பிட உட்காரலாம், சேதியைச் சொல்லலாம் என்று பாதிக்குப் பாதி தப்பு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் அந்த ஒரே பெட்டியை ஒரு தடவை பாடுது என்றீர்கள், அடுத்த தடவை கத்துது என்றீர்கள். நானும் நடுவில் ஒரு தடவை, இப்ப ஓடறது என் பெட்டி, எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க என்று சொன்னேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "காது காதுன்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கறீங்க. ஒரு பெட்ஷீட்டுக்கு அக்கட்ட நான் ஓங்கரிச்சுட்டுக் கெடந்தனுங்க. ஒருத்தருக்கும் கேக்கல. அன்னைக்கும் கேக்கல, ஞாயித்துக்கெழமையும் கேக்கல. எனக்கு உங்க வளைகாப்பும் வேண்டாம், எங்கப்பா வளைகாப்பும் வேண்டாம். ஷைனா அக்கா ரெண்டு வளையல் போட்டுவிட்டாப் போதும்."

பர்லியாரில் எனக்கு வித்தியாசம் கேட்டதா இல்லையா என்று கேட்கிறீர்கள். எனக்கே தெரியவில்லை. கேட்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் மேல் இருக்கிற கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

தீபக்


குன்னூர்,
13.7.2025

மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்த மறு நிமிடம் பஸ் ஏறினோம். நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள். கதவைத் திறந்தது ஷைனா. ஸ்வேதா கட்டிலிலிருந்தே என்னைப் பார்த்து, "போன் ஆன்ல இருக்குங்களாப்பா?" என்று கேட்டாள். அம்மாவை மட்டும் உள்ளே வரச் சொன்னாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் ஒதுங்கி ஒதுங்கி வழி விட்டுக்கொண்டு சாயங்காலம் வரை இருந்தேன். ஷைனா ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தது. என் மகளைக் காப்பாற்றிய பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

எனக்கு உங்கள் மேல் கோபம், என் மேல் கோபம், அந்தப் பிஸ்கட் டப்பாவின் மேல் கோபம். டப்பாவைத் தூக்கி எறியலாம் என்றால் மருதாம்பாள் விடவில்லை. டப்பா என்ன பண்ணுச்சு என்று கேட்கிறாள். பாடுகிறவர் மூச்சு கேட்கும் என்று ஊரெல்லாம் பீற்றியவன் நான். பெற்ற மகள் அந்தப் பக்கம் குடலைப் பிடுங்கிக்கொண்டு கிடந்தது கேட்கவில்லை. முப்பது வருடம் எத்தனையோ சத்தத்துக்கு நடுவில் எந்த மோட்டாரில் கோளாறு என்று தூரத்திலிருந்தே சொல்லுவேன். இதை எங்கே போய்ச் சொல்ல?

திரும்பும்போது உங்கள் அப்பாவுக்குப் போன் போட்டேன். மோட்டார் ரூம் என்று நான் பேசினது தப்புங்க சம்பந்தி, உங்களப் போல நானும் செப்புக் கம்பி சுத்தின கைதானுங்க என்றேன். அவர், "எப்பங்க பேசினீங்க?" என்று கேட்டார். ஆகக்கூடி நீங்கள் அவரிடம் சொல்லவே இல்லை. சொல்லாமல் விட்ட வரைக்கும் உங்களுக்கு நன்றி. ஆனால் சொல்லியிருக்கிறீர்கள் என்று நினைத்து ஒரு மாதமாக அன்னூர்ப் பக்கம் போகிற பஸ்ஸைக்கூட நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்கும் உங்கள் மேல் கோபம்தான். நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டாயிற்று.

மருதாம்பாள் வளைகாப்புப் பேச்சை நிறுத்திவிட்டாள். வீட்டில் சத்தமே இல்லை. ஞாயிறு பாட்டு வைக்கவில்லை. சபாபதி வந்து கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனான்.

ஒரே ஒரு விஷயம். அன்றைக்குக் கடைசிவரை ஓடியது எந்தப் பெட்டி? என்னுடையதா, உங்களுடையதா? அதை மட்டும் அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

லிங்கசாமி


கோயமுத்தூர்,
27.7.2025

மாமாவுக்கு,

எந்தப் பெட்டி என்று கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தின் கடைசி நாலு வரியைப் படித்ததும் அதைச் சுருட்டிக் குப்பையில் போடத்தான் தோன்றியது. ஆனால் எனக்கும் தெரிய வேண்டும் என்று இருந்தது, அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. கேட்டேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை செக்கப் இருந்தது. டாக்டர் வயிற்றில் ஒரு சின்ன மிஷினை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார். அதில் இருந்த ஸ்பீக்கர் மகா மட்டம். டிராபிக்கில் போலீஸ்காரர் கையில் இருக்கிற வயர்லெஸ் செட் தேவலாம். ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நான் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். ஸ்வேதா டாக்டரைக் கேட்டு அதைப் போனில் பதிவு செய்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளே வாயைத் திறந்தாள். "எங்கப்பாவுக்கு எழுதுங்க. ரெண்டு பெட்டியும் இப்ப அங்கதான இருக்கு. இதை அம்மா போனுக்கு அனுப்பறேன். பெட்ஷீட்டைக் கட்டி, அம்மா உள்ள நின்னு போடட்டும். அப்பா கேட்டுட்டு எந்தப் பெட்டின்னு சொல்லட்டும். சொன்னதுக்கப்புறம் பேசறதா வேண்டாமான்னு நான் பாத்துக்கறேன்."

நீங்கள் சொல்வது சரியாக இருந்தால் பேசுவாளா, தப்பாக இருந்தால் பேசுவாளா, அது எனக்குத் தெரியாது. அவள் சொல்ல மாட்டேன் என்கிறாள். இந்தச் சோதனையை நான் வைக்கவில்லை. நீங்களாயிற்று, உங்கள் மகளாயிற்று.

தீபக்


குன்னூர்,
3.8.2025

மாப்பிள்ளைக்கு,

இன்று ஞாயிறு. சபாபதியையும் கணேசனையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மருதாம்பாள் அதே பெட்ஷீட்டைக் கட்டினாள். ஒயரை எப்படி மாற்றுவது என்று காலையிலிருந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இத்தனை வருசம் வீட்டை நடத்தறவளுக்கு ஒரு ஒயரு மாத்தத் தெரியாதா என்று அவள் என்னிடம் எரிந்து விழுந்தாள்.

நாற்காலியை வழக்கமான இடத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன். என் மகள் ஏன் இதை அனுப்பியிருக்கிறாள், சரியாகச் சொல்லிவிட வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று ஏற்கெனவே மனதுக்குள் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். அடிச் சத்தம் எப்படி விழுகிறது, இரைச்சல் எந்தப் பக்கம் நிற்கிறது, எல்லாம். மருதாம்பாள் "போடறனுங்க" என்றாள்.

முதலில் இரைச்சல் வந்தது. பிறகு அது வந்தது.

மாப்பிள்ளை, நான் பட்டியலை மறந்துவிட்டேன். அது நிற்கப் போகிறது, நிற்கப் போகிறது என்று பயந்து பயந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நின்றதும் இன்னொரு தரம் போடச் சொன்னேன். "மாத்தியாச்சுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. குரல் ஒரு மாதிரி இருந்ததால் பாதியிலேயே எழுந்து பெட்ஷீட்டை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மருதாம்பாள் தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெட்டி எங்களுக்கு முதுகுப் பக்கம் இருந்தது. முடிகிறவரை இருவரும் கேட்டோம், பிறகு எழுந்து சாப்பிடப் போனோம்.

சாப்பிடும்போதுதான் ஞாபகம் வந்தது. எது ஓடியது என்று நான் பார்க்கவில்லை. மருதாம்பாளிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இனிமேல் கேட்கப் போவதும் இல்லை. அதனால் ஸ்வேதாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள். அப்பாவுக்குத் தெரியவில்லையாம். தப்பு என்றால் தப்பு என்றே வைத்துக்கொள்ளட்டும்.

இதை வைத்து நான் ஏதோ ஒத்துக்கொண்டுவிட்டேன் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். உங்கள் சோப்பு டப்பா கத்தத்தான் செய்கிறது. பர்லியாரில் நீங்கள் தலையை ஆட்டியதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. உங்கள் நம்பரைப் பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன், ஆனால் நீங்கள் கூப்பிடாதீர்கள், எடுத்தால் சண்டைதான் வரும்.

அவள் கூப்பிடட்டும். எந்த நேரமானாலும் சரி. போன் சட்டைப்பையில்தான் இருக்கிறது, நான் அதை அணைப்பதே இல்லை.

லிங்கசாமி